மூன்று டாக்டர், மூன்று சீட்டு, நடுவில் என் மகள்

வணக்கம் மேடம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. முதல் குழந்தை. தாய்ப்பால் மட்டும்தான். இரண்டரை மாதத்தில் ஒரு நாள் காலை துணியை மாற்றும்போது மலத்தில் சளி மாதிரி கொழகொழப்பு, அதில் சிவப்பு நூல் ஒட்டியதுபோல் இரத்தம். அன்றிலிருந்து நான் நானாக இல்லை.

இங்கே பக்கத்தில் கைராசிக்காரர் என்று எல்லோரும் சொல்லும் டாக்டர், கிருமித் தொற்று என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். ஒரு வாரம் நின்றது, திரும்ப வந்தது. இன்னொருவரிடம் போனோம், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் விடச் சொட்டு மருந்து எழுதினார். பத்து நாள் முன்பு திருச்சியில் காட்டினோம். அந்த அம்மா பழைய சீட்டுகளைப் பார்த்து, "இதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டதும் ஏதோ நானே தப்பாக எழுதிக் கொடுத்த மாதிரி கூசிப்போனேன். பசும்பால் புரத அலர்ஜியாக இருக்கலாம், நீங்கள் நான்கு வாரம் பால், தயிர், நெய், டீ எதுவும் தொடாதீர்கள் என்றார். என் நாத்தனாரோ தாய்ப்பாலையே நிறுத்திவிட்டு டப்பா பால் கொடு என்கிறார்.

அத்தைக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. "பால் குடிக்காதவளுக்குப் பால் எப்படிச் சுரக்கும்? வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் போதும், உன் புருஷனை அப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். ஒரு நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் தடவியும் விட்டார். கேட்டதற்கு வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. கணவர் ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். போனில் "டாக்டர் சொல்றதைக் கேளு" என்பார். எந்த டாக்டர் சொல்வதை?

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு எத்தனை மணிக்குப் போனாள், என்ன நிறம் என்று எழுதுகிறேன். ராத்திரி செல்போன் டார்ச் அடித்துத் துணியைப் பார்க்கிறேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எடை மட்டும் ஏறியிருக்கிறது, பிறந்தபோது 2.9, இப்போது 6.1 கிலோ. நான் தின்றதுதான் அவளைக் கெடுத்தது என்றால் நான் என்ன தாய்? சில நேரம் நான் இல்லாமலே இருந்தால் எல்லோரும் சேர்ந்து அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

– பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நான் இல்லாமல் இருந்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, அது களைப்பில் வந்த பேச்சா, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்று நிஜமாகவே தோன்றுகிறதா? நேராகக் கேட்பதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம், கேட்காமல் விடத்தான் கூடாது. இரண்டாவதுதான் என்றால் இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். களைப்புதான் என்றாலும் விட்டுவிட முடியாது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல் போவது, எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது இரண்டையும் பார்த்தால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா என்று நாங்கள் விசாரிப்போம். அதற்கென்றே பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு, ஐந்து நிமிட வேலை. திருச்சிக்கு அடுத்த முறை போகும்போது குழந்தையோடு உங்களையும் காட்டிவிட்டு வாருங்கள். சிகிச்சைக்குப் போனால் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

சரி, மூன்று சீட்டுக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை, எங்களோடு வேலை செய்யும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. நீங்கள் எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் அது தாய்ப்பாலில் இருக்கத்தான் செய்யும், மலத்தில் இரத்தம் வர அது வழக்கமான காரணமும் இல்லை. பசும்பால் புரதம் வேறு சங்கதி. நீங்கள் குடித்த டீயிலிருந்து துளியளவு உங்கள் பாலுக்குள் போகும், சில குழந்தைகளின் குடலுக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது. இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பெயர், "பால் ஒத்துக்கல". பாதிக் குழப்பம் அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே குழந்தையைப் பார்க்கவில்லை. முதலாமவர் பார்த்தது ஒரு நாள் இரத்தம் வந்த குழந்தையை. திருச்சிக்காரம்மா பார்த்தது ஆன்டிபயாடிக்கும் சொட்டு மருந்தும் கொடுத்துப் பார்த்தும் நிற்காத குழந்தையை, கூடவே அவர் கையில் இரண்டு பழைய சீட்டும் இருந்தன. மூன்றாவதாகப் பார்ப்பவருக்கு எப்போதுமே கொஞ்சம் வசதி அதிகம். அதற்காக முன்னால் பார்த்தவர்களைத் தாயின் முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன வழியில் ஒரு நல்லது, அதற்குத் தேதி இருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இரத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது, நின்றால் அவர் சொல்லும்போது திரும்பக் கொஞ்சம் பால் குடித்து, மறுபடி வருகிறதா என்று உறுதி செய்வது. பத்து நாள் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள். மிச்ச நாளுக்கு அவர் ஒருவர்தான் உங்கள் டாக்டர். அந்தச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நடுவில் யார் எதைச் சொன்னாலும் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பிஸ்கட், பால்கோவா, ரொட்டியில் எல்லாம் பால் ஒளிந்திருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கேழ்வரகு, எள்ளுருண்டை, நெத்திலி சாப்பிடுங்கள், கால்சியம் மாத்திரை வேண்டுமா என்றும் அவரையே கேளுங்கள். பால் சுரப்பது பிள்ளை சப்புவதால், நீங்கள் பால் குடிப்பதால் இல்லை. வைக்கோல் தின்கிற மாடுதானே பால் கறக்கிறது என்று அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தாலும் வரும். நாத்தனார் சொல்லும் டப்பா பாலும் பெரும்பாலும் பசும்பாலில் செய்ததுதான்.

வசம்பு வேண்டாம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் தவிர எதுவும் நாக்கில் படக் கூடாது. ஆனால் இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சு, அதே வார்த்தையை டாக்டர் சொன்னால் கேட்பார். அடுத்த முறை அத்தையையும் கூட்டிப்போங்கள். அதுவரை அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள், சாயங்காலம் பால் கொடுத்ததும் இரண்டு மணி நேரம் பிள்ளை அவர் மடியில், நீங்கள் அடுத்த அறையில் படுக்கை.

நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: இரத்தம் உண்டா இல்லையா, எத்தனை தடவை சிறுநீர் போனாள். டார்ச் வேண்டாம். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு விட்டுவிட்டு வீறிட்டாலோ, மலம் சிவப்பு ஜெல்லி மாதிரி போனாலோ, துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இவை எதுவும் இல்லாத ராத்திரி நீங்கள் காவல் காக்க வேண்டிய ராத்திரி இல்லை.

எடையை ஏதோ போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பிறந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், நான்கு மாதத்தில், வேறெதுவும் கொடுக்காமல். அது முழுக்க உங்கள் பால். இந்த அலர்ஜிதான் என்று உறுதியானாலும் பல பிள்ளைகளுக்கு முதல் பிறந்த நாளுக்குள்ளும், பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்குள்ளும் அதுவாகவே போய்விடும்.

சனிக்கிழமை கணவர் வந்ததும் நோட்டைக் காட்ட வேண்டாம். அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தையே போனில் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.