அப்பாவின் சொத்தை மாற்ற ஃபீஸ் மட்டும் 3.85 லட்சமா?

கேள்வி: அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. உயில் இல்லை. எல்லாம் அவருடைய சுயசம்பாத்தியம்: மதுரையில் ஒரு வீடு (வழிகாட்டி மதிப்பு 48 லட்சம்), நாமினி போடாத வங்கி டெபாசிட் 9 லட்சம், அம்மாவை நாமினியாகப் போட்ட இன்னொரு டெபாசிட் 12 லட்சம், எல்.ஐ.சி. 5 லட்சம் (நாமினி அம்மாதான்), நண்பருக்குப் புரோநோட்டில் கொடுத்த 3 லட்சம். அம்மா, நான், தங்கை, அப்பாவைப் பெற்ற 84 வயது அப்பத்தா என நான்கு பேர் இருக்கிறோம். ‘எல்லாவற்றுக்கும் கோர்ட் உத்தரவு வேண்டும், மொத்த மதிப்பில் 5 சதவீதம் ஃபீஸ்’ என்கிறார் வக்கீல். கொடுக்கலாமா? கடைசி மாத ஆஸ்பத்திரிச் செலவு 2.8 லட்சம் நான் போட்டது. அதைக் கழித்துவிட்டுப் பங்கு போடலாம் என்றேன், தங்கைக்கு மனத்தாங்கல். – வாசகர், மதுரை

பதில்: 77 லட்சத்தில் 5 சதவீதம் என்றால் 3,85,000 ரூபாய். கொடுக்காதீர்கள். தொகை அதிகம் என்பதைவிட, அந்தக் கணக்கே தப்பு என்பதுதான் விஷயம். வழக்கின் முடிவை வைத்தோ, கிடைக்கும் சொத்தில் பங்காகவோ ஃபீஸ் பேசக்கூடாது என்று வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியே சொல்கிறது. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பவரிடம் போங்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள்.

அடுத்தது, ‘எல்லாவற்றுக்கும் கோர்ட்’ என்பது. புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, உயில் இருந்தால் மட்டும் வரும் பேச்சு. (சென்னை போன்ற ஊர்களில் உயிலுக்கு அது கட்டாயம் என்றிருந்த பிரிவையும் 2025 டிசம்பரில் பாராளுமன்றம் எடுத்துவிட்டது.) உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சொத்துக்கு நிர்வாக உரிமைப் பத்திரம் (சொத்தை நிர்வகிக்க ஒருவருக்குக் கோர்ட் தரும் அதிகாரம்) கோர்ட்டில் வாங்கியே ஆகவேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டம் சொல்லவில்லை. வீடு அப்பா கண்மூடிய அன்றே நான்கு பேருக்கும் சமமாக வந்துவிட்டது. அதற்கு முத்திரைத்தாள் செலவு கிடையாது. இறந்தவர் சொத்துக்கு வரியும் 1985-லேயே போய்விட்டது.

உங்களுக்கு முதலில் வேண்டியது தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார். அதில் அப்பத்தா பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். மகன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்பது பாதிக் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ‘மனைவி, பிள்ளைகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு திருத்துவதற்கு அலைகிறார்கள். கோர்ட்டில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட் வேறு; அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன் போன்ற பணத்தை வசூலிக்க. பேர் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரண்டையும் குழப்பித்தான் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள்.

நாமினி இல்லாத 9 லட்சத்துக்கும் கோர்ட் வேண்டாம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம்) எளிய நடைமுறையிலேயே கொடுக்கவேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இண்டெம்னிட்டி பாண்டு (பின்னால் வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதிப் பத்திரம்), பணத்தைக் கோராத வாரிசுகளின் சம்மதக் கடிதம் போதும். வெளியாள் ஜாமீன் கேட்கக்கூடாது. எல்லாப் பேப்பரும் கொடுத்த 15 நாளில் பணம் வரவேண்டும். வங்கியால் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தோடு 4 சதவீதம் சேர்த்து வட்டி தரவேண்டும். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. என் அப்பா காலமானபோது ஒரு கிளையில் சொத்துப் பத்திரத்தோடு இரண்டு ஜாமீன்தாரரைக் கேட்டார்கள். மூன்று மாதம் நடந்தேன். உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

அம்மா நாமினியாக இருக்கும் 12 லட்சத்தை வங்கி அம்மாவிடம் கொடுத்துவிடும். ஆனால் அது அம்மாவுடைய தனிப் பணம் இல்லை. நாமினி வாங்கி வைப்பவர்தான், பங்கு நான்கு பேருக்கும். எல்.ஐ.சி. மட்டும் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவருக்கே என்கிறது இன்சூரன்ஸ் சட்டம்.

இனி புரோநோட்டு. நண்பர் தானாகக் கொடுத்துவிட்டால் எந்தச் சான்றும் வேண்டாம். மறுத்தால்தான் சக்சஷன் சர்டிபிகேட், அது இல்லாமல் கோர்ட் உங்களுக்குத் தீர்ப்புத் தராது. அப்போதும் இந்த ஒரு கடனுக்கு மட்டும் மனுப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. கோர்ட் கட்டணம் மதிப்பின் சதவீதத்தில் கணக்கிடப்படுகிறது. வீட்டையும் டெபாசிட்டையும் அதில் சேர்க்க எந்த அவசியமும் இல்லை. முதலில் ஒரு நாள் நண்பரின் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுப் பேசுங்கள். புரோநோட்டின் தேதியையும் பாருங்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டால் வழக்கே நிற்காமல் போகலாம்.

உண்மையான செலவு வரும் இடம் வீடு. இப்போதைக்குப் பட்டாவிலும் மாநகராட்சி வரியிலும் நான்கு பேரும் சேர்ந்து பெயர் மாற்றிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. ஆனால் அப்பத்தா பங்கை மட்டும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். அவர் உயில் எழுதாமல் போனால் அந்தக் கால் பங்கில் உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று எல்லாரும் வருவார்கள். பிறகு ஒரு கையெழுத்து வாங்க ஓசூருக்கும் துபாய்க்கும் ஓடவேண்டியிருக்கும். அப்பத்தா மனமுவந்து சம்மதித்தால், தன் பங்கைப் பேரப்பிள்ளைகளான உங்களுக்கும் தங்கைக்கும் விட்டு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்தியது இது. அவர் பங்கு 12 லட்சம் என்றால் 12,000 கூட்டல் 10,000, ஆக 22,000. பத்திரம் எழுதுபவர் கூலி தனி. அப்பத்தாவுக்கு விருப்பமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் கையைப் பிடித்து எழுத வைத்த பத்திரம் பின்னால் கோர்ட்டில்தான் போய் நிற்கும், நீங்கள் தவிர்க்க நினைத்த செலவு அங்கே வரும்.

அப்பாவின் வருமான வரிக் கணக்கை மறக்காதீர்கள். இறந்த நாள் வரைக்குமான வருமானத்துக்கு வாரிசுதான் தாக்கல் செய்யவேண்டும். டெபாசிட் வட்டியில் பிடித்த டி.டி.எஸ். திரும்பக் கிடைக்க வாய்ப்பும் இருக்கிறது.

சரி, தங்கையின் மனத்தாங்கல். இறந்தவரின் பணத்திலிருந்து முதலில் நியாயமான இறுதிச் சடங்குச் செலவையும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாத வைத்தியச் செலவையும் கொடுத்துவிட்டுத்தான் மற்றக் கடன்களையே பார்க்கவேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டம் சொத்து நிர்வாகிக்குச் சொல்லும் வரிசை. உங்களுக்குள் பேசித் தீர்க்கவும் அதையே அளவாக வையுங்கள். ஆகவே உங்கள் 2.8 லட்சம் நியாயமான கழிவுதான். ஆனால் வாயால் சொன்னால் தங்கைக்குக் கசக்கத்தான் செய்யும். ஆஸ்பத்திரி பில்லையும் மருந்துக்கடைச் சீட்டையும் தேதிவாரியாகக் கிளிப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முன்னால் தங்கையிடம் கொடுங்கள். மெடிக்ளைம் ஏதும் வந்திருந்தால் அதைக் கழித்துக் காட்டுங்கள். அப்பாவைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஆள் வைத்திருந்து சம்பளப் பாக்கி இருந்தால், கடைசி மூன்று மாதப் பாக்கி மற்றக் கடன்களுக்கு முன்னால் வரும். அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.