கேள்வி–பதில்: சாலையோரக் கல்வீடும் பழைய தொழுவமும்

கேள்வி: மத்திய வேல்ஸில் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கல்வீடு வாங்கியிருக்கிறோம். சாலைப் பக்கச் சுவரில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. வெளியே சிமென்ட் பூச்சு. துளையிட்டு ரசாயனம் ஏற்றினால் தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய சுவர் பெரும்பாலும் 500–600 மி.மீ. கனம் இருக்கும். இரு முகங்களிலும் கல், நடுவில் கல்துண்டும் மண்ணும். அந்தப் பொந்துகளுக்குள் ரசாயனம் சீராகப் பரவாது.

முதலில் கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று மழை பெய்யும்போது வெளியே நின்று பாருங்கள். அடுத்து, உள்தரையையும் வெளித்தரையையும் அளந்து ஒப்பிடுங்கள். தார் மேல் தார் போட்டதில் சாலை உயர்ந்து, வெளித்தரை உள்தரைக்கு மேலே போயிருக்கும். ஓதத்துக்குப் பாதிக் காரணம் பல வீடுகளில் இதுதான். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருப்பது நல்லது. அந்த இடம் உங்களுடையதானால் மண்ணை இறக்கி, துளைக்குழாயும் சரளையும் இட்டு வடிகால் அமையுங்கள். நடைபாதை சாலையைச் சேர்ந்தது என்றால் கவுன்டி கவுன்சில் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. எப்படியானாலும் சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே போகாதீர்கள். பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் மிக ஆழமற்றது, சுவர் சரியும்.

பிறகு சிமென்ட். அதன் வெடிப்புகளில் மழை நுழையும், வெளியேற வழியிருக்காது. ஓர் ஓரத்தில் சிறிது பெயர்த்துப் பாருங்கள். கல்லின் முகமும் சேர்ந்து உரிந்தால் அங்கேயே நிறுத்தி, பழைய கட்டடம் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சுத்தமாக வந்தால், கல் இடுக்குகளை உளியால் 25 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல் சுரண்டுங்கள். வெட்டு இயந்திரம் கல்லின் விளிம்பைக் கெடுத்துவிடும். சாந்துக்கு, நீரோடு சேர்ந்து இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு (NHL 3.5 தரம்) ஒரு பங்கு, பருமனும் பொடியும் கலந்த கூர்மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்துவிட்டுச் சாந்தை உள்ளே அழுத்துங்கள். சற்று இறுகியதும் விறைத்த தூரிகையால் தட்டுங்கள். ஈரச் சணல் சாக்கு ஒரு வாரமாவது மேலே தொங்கட்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் இந்த வேலையே கூடாது. மே முதல் செப்டம்பர் வரை உகந்தது.

சுவர் மாதத்துக்கு 25 மி.மீ. காயும் என்பது தோராயக் கணக்கு. இரு புறமும் காய்ந்தாலும் ஒரு வருடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து உள்ளே ஜிப்சம் பூச்சோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

கேள்வி: எங்கள் பழைய களஞ்சியத்தில் எதிரெதிரே இரண்டு உயரமான கதவுகள் எதற்கு?

பதில்: நடுவில் இருப்பது போரடிக்கும் களம். இரண்டையும் திறந்தால் குறுக்கே காற்று வீசும். தூற்றும்போது பதர் பறந்துவிடும். சுவரில் உள்ள ஒடுங்கிய பிளவுகள் தானியக் கட்டுக்குக் காற்றோட்டம் தருபவை. அவற்றை அடைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டை ஒட்டிய தொழுவத்தைக் குடியிருப்பாக மாற்ற விரும்புகிறோம். கூரையிலிருந்து தொடங்கலாமா?

பதில்: கூரையைத் தொடுமுன் அனுமதிக் காகிதம். பண்ணைக் கட்டடத்தை முழுத் திட்ட அனுமதி இல்லாமல் வீடாக்கும் சலுகை இங்கிலாந்தில் உண்டு, வேல்ஸில் இல்லை. உங்கள் வீடு கடூ (Cadw) என்னும் வேல்ஸ் அரசின் வரலாற்றுச் சின்ன அமைப்பின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பே நிற்கும் தொழுவமும் பெரும்பாலும் அதில் அடங்கும். இசைவின்றிக் கைவைப்பது குற்றம். சட்டம் பாதுகாக்கும் வௌவால்கள் உள்ளே தங்குகின்றனவா என்ற ஆய்வும் தேவைப்படும். அவை வெளியே வருவதைக் கோடையில்தான் கணக்கெடுக்க முடியும் என்பதால் இதைத் தள்ளிப்போட்டால் ஒரு வருடம் போய்விடும். வௌவால் தங்குவது தெரிந்தால் வேல்ஸ் இயற்கை வள அமைப்பின் உரிமம் வேண்டும்.

கூரையில் வேய்ந்த ஸ்லேட்டுக் கல்தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள். சரிவது பெரும்பாலும் ஆணி துருப்பிடித்ததால்தான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் மீண்டும் செம்பு ஆணியில் ஏற்றலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு, ஒதுக்குங்கள்.