மாதவிடாய் வாரத்தில் மட்டும் கீட்டோ உணவு சாப்பிட்டால் வலிப்பு குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலிப்பு அதிகமாக வருகிறது, மாத்திரை சாப்பிட்டும் முழுதாக அடங்கவில்லை, அந்த ஒரு வாரம் மட்டும் கீட்டோஜெனிக் உணவுக்கு, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைக்கு, மாறினால் போதுமா?

போதாது. எனக்கும் இதே வகை வலிப்புதான். நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் கவனித்துக்கொள்ள, மாத்திரைகளை நிறுத்தாமல் இந்த உணவுமுறையைக் கடைப்பிடித்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் ஒரு வாரத் திட்டம் ஏன் கைகொடுக்காது என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல முடியும்.

மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் உடனே கொழுப்புக்கு மாறிவிடாது. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்து, கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருள் உருவாகி, இரத்தத்தில் நிலையான அளவை எட்டச் சில நாட்கள் ஆகும். வலிப்பு குறைவது அதற்கும் பிறகுதான்; சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் குறைந்தது மூன்று மாதம் பார்த்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். நீங்கள் நினைப்பதுபோல் மாதவிடாய் தொடங்கும்போது ஆரம்பித்தால், கீட்டோன் ஏறி நிற்பதற்குள் ஆபத்தான நாட்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அதைவிடக் கவலைக்குரியது நிறுத்துவது. மாவுச்சத்து உள்ளே போனதும் கீட்டோன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். திடீரென நிறுத்தியதால் வலிப்பு கூடியவர்களும் உண்டு. மாதந்தோறும் ஏற்றி இறக்குவது இரண்டு பக்கமும் நட்டம்.

குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் என்றால் அதற்கு மருந்து வழி இருக்கிறது. குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையை அந்த நாட்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளும் முறை 1982-லேயே ஆய்வில் நல்ல பலன் தந்திருக்கிறது. அசெட்டசோலமைடும் இப்படிக் கொடுக்கப்படுவதுண்டு. மாதவிடாய் ஓரளவு ஒழுங்காக வருபவர்களுக்கே இது ஒத்துவரும். உங்கள் மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இந்த வலிப்பு ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் பொதுவாக மூளை நரம்புகளைத் தூண்டும் தன்மையுள்ளது. புரோஜெஸ்ட்ரோன் நேர்மாறு, உடலில் அது அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளுக்கு வலுவூட்டுகிறது. மாதவிடாய்க்குச் சற்று முன்பு புரோஜெஸ்ட்ரோன் சரசரவென்று இறங்கும்போது அந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. கருமுட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும்போது சிலருக்கு வலிப்பு கூடுகிறது. கருமுட்டை சரியாக வெளிப்படாத சுழற்சிகளில் பின்பாதி முழுவதுமே தொல்லைதான். இந்த மூன்று வகைகளையும் 1997-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹெர்சோக்கின் குழுவினர் வரையறுத்தார்கள்.

வலிப்புக்குப் பலன் தந்த முதல் மருந்தான புரோமைடை 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மகப்பேறு மருத்துவர் அறிமுகப்படுத்தியதே மாதவிடாயோடு வலிப்பு வந்த பெண்களுக்காகத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் இந்த வகை வலிப்புக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. புரோஜெஸ்ட்ரோனையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012-இல் வெளியானது. மொத்தத்தில் அது வெற்றி பெறவில்லை. மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலிப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும் பெண்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது.

ஆகவே உணவைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இரத்தப்போக்கு தொடங்கும் நாளை 1 என்று எண்ணி, தொடர்ந்து மூன்று சுழற்சிகளுக்கு எழுதுங்கள். என் நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரிதான்: சுழற்சி நாள், வலிப்பு வந்த நேரம், எப்படித் தொடங்கியது, முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினேன், மாத்திரை தவறியதா. பக்கத்தைப் பார்த்தாலே எந்த வகை என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும். அந்த நாட்களில் வலிப்பு மற்ற நாட்களைவிட இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவுகோல். பலர் மாதவிடாயால் வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். எழுதிப் பார்த்தால் தூக்கம் கெட்ட இரவுகள்தான் காரணமாக இருக்கும்.

இனி உணவுக்கு வருகிறேன். 1921-இல் ரஸ்ஸல் வைல்டர் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்த பழைய கீட்டோஜெனிக் முறையில், மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். ஒவ்வொரு வேளையையும் தராசில் நிறுத்துச் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு அதைவிடத் தளர்வான மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் முறையே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது: மாவுச்சத்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 கிராமுக்குள், கொழுப்பு தாராளமாக, புரதத்துக்குக் கறாரான எல்லை இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத 160 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. மருந்தோடு இந்த உணவையும் எடுத்தவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் இது 2.5 சதவீதம். நல்ல பலன்தான், ஆனால் நால்வரில் மூவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்பதையும் பாருங்கள். மாதவிடாய் சார்ந்த வலிப்புக்கென்று தனியாக இருப்பவை சிறிய அளவிலான ஆதாரங்களே. யாராவது இதை உறுதியான தீர்வு என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நடைமுறையில் கடினமான இடம் ஒன்று உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கும் இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்களின் மீதும் ஆசை பொங்கும். உடலில் இன்சுலின் வேலை செய்யும் திறனும் அப்போது சற்று மந்தப்படுகிறது. விரலில் குத்திக் கீட்டோன் பார்க்கும் என் மீட்டரில், உணவு மாறாமல் இருந்தும் அந்த நாட்களில் எண் இறங்குவதைப் பார்க்கிறேன். வலிப்பு வரக்கூடிய அதே நாட்களில்தான் காவல் தளர்கிறது. அதனால் உணவியல் நிபுணர் சொன்னபடி அந்த வாரத்துக்கு மட்டும் வெண்ணெய், எண்ணெய், கிரீம் ஆகியவற்றின் அளவைக் கூட்டி, கொட்டை வகைகளைக்கூட எடைபோட்டே எடுத்துக்கொள்கிறேன். இருமல் மருந்து, சப்பி விழுங்கும் வைட்டமின் மாத்திரை ஆகியவற்றிலும் சர்க்கரை இருக்கும். லேபிளைப் படிக்காமல் எதையும் வாயில் போடாதீர்கள்.

இன்னொன்று, பெண்களுக்கே உரிய சிக்கல். இந்த உணவுமுறையே மாதவிடாயை மாற்றிவிடக்கூடும். உடல் எடை வேகமாகக் குறைந்தால் சுழற்சி தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். மாதவிடாய் வராததால் வலிப்பு குறைந்திருக்கிறது என்றால் அதைப் பலன் என்று எண்ணிச் சும்மா இருக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் நீண்ட நாள் குறைந்திருப்பது எலும்புக்குக் கேடு, சில வலிப்பு மருந்துகளும் எலும்பை மெலியச் செய்யும். நோட்டில் மாதவிடாய் தேதியையும் விடாமல் எழுதச் சொல்வது இதற்காகவும்தான். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வால்ப்ரோயேட் எடுப்பவர்களுக்கு அந்த உரையாடல் இன்னும் அவசியம், ஏனென்றால் அது கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய மருந்து.

தொடங்குவதற்கு முன் இரத்தக் கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், வைட்டமின் டி ஆகியவற்றுக்குப் பரிசோதனை உண்டு. கொழுப்பை உடைத்துப் பயன்படுத்துவதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களும் போர்ஃபிரியா (இரத்தத்தின் சிவப்பு நிறப்பொருள் உருவாவதில் கோளாறு) உள்ளவர்களும் இந்தப் பக்கமே வரக் கூடாது. டோபிராமேட், சோனிசமைடு என்ற வலிப்பு மருந்துகள், நான் மேலே சொன்ன அசெட்டசோலமைடு ஆகியவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டே இந்த உணவையும் சாப்பிட்டால் சிறுநீரகக் கல்லும் இரத்தத்தில் அமிலத்தன்மையும் கூடும் வாய்ப்பு அதிகம். எந்தெந்த மாத்திரை என்று முழுப் பட்டியலோடு போங்கள். கருத்தடை மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்தது லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு பலன் இல்லை என்று தெரிந்தால் நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் மருத்துவர் சொல்லும் வேகத்தில், மாவுச்சத்தைப் படிப்படியாகக் கூட்டித்தான் நிறுத்த வேண்டும். அதுவரை உங்கள் பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: இன்ன மருந்துகள் எடுக்கிறேன், கீட்டோஜெனிக் உணவில் இருக்கிறேன், வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம்.