பட்டாளத்தில் தொழுகை, நோன்பு, மந்திர் பரேடு: எதை, யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: என் தம்பி அக்னிவீரராகத் தேர்வாகி, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் பயிற்சிக்குப் போகிறான். ஐவேளையும் தொழுபவன், நோன்பு விடாதவன், தாடியும் வைத்திருக்கிறான். இதற்கெல்லாம் அங்கே இடம் உண்டா? 'மந்திர் பரேடு' என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கும் போயாக வேண்டுமா? (வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: தொழுகைக்கும் நோன்புக்கும் இடம் உண்டு. தாடிக்கு இல்லை. மந்திர் பரேடு, அதாவது படைப்பிரிவே அணியாக வழிபாட்டிடத்துக்குப் போவது, பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

தாடியை ஊரிலேயே எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ மதமே தடுத்திருந்தால் மட்டும் விமானப் படை ஒழுங்குவிதி 425 விலக்கு தருகிறது. அந்த விதியை வைத்து முஸ்லிம் வீரர் ஒருவர் தொடர்ந்த வழக்கை 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. தரைப்படையிலும் மதத்தின் பேரில் தாடி என்றால் அது சீக்கியருக்கு மட்டும்தான். கடற்படையில் அனுமதி பெற்றுத் தாடி வளர்ப்பவர்கள் உண்டு. அது அந்தப் படையின் வழக்கம், மத உரிமையாகக் கிடைத்ததல்ல.

கிளம்பும் முன் சான்றிதழ்களை ஒருமுறை பாருங்கள். சாதிச் சான்றிதழில் மதம் குறிப்பிடப்படவில்லை என்றால் தாசில்தாரிடம் தனியாக மதச் சான்றிதழ் வாங்கச் சொல்லி ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே இருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. பயிற்சி முடிவில் நடக்கும் கசம் பரேடில் (சத்தியப் பிரமாண அணிவகுப்பு) அவரவர் வேதநூலின் மீது கைவைத்துச் சத்தியம் செய்வார்கள். கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உறுதிமொழி மட்டும் கூறவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இனி தொழுகை. பயிற்சி நாளில் சுப்ஹு (அதிகாலைத் தொழுகை) பெரும்பாலும் சிக்கலில்லை, காலை உடற்பயிற்சிக்கு (பி.டி.) அணிவகுத்து நிற்பதற்கு முன்பே முடித்துவிடலாம். ளுஹர் (நண்பகல் தொழுகை) சாப்பாட்டு இடைவேளையில் வந்துவிடும். இடிப்பது அஸரும் (மாலைத் தொழுகை) மஃரிபும் (அந்தித் தொழுகை). ஒன்று விளையாட்டு நேரத்தில் மாட்டிக்கொள்ளும், மற்றது ரோல் காலோடு (ஆஜர் கணக்கெடுப்பு) மோதும். ரோல் காலுக்கு நிற்காமல் போய்த் தொழுதால், தொழுததற்காக அல்ல, ஆள் இல்லாததற்காகத் தண்டனை கிடைக்கும். முதல் வாரத்திலேயே, தனியாக இருக்கும்போது, பிளட்டூன் உஸ்தாதிடம் (பயிற்சி தருபவர்) 'ரோல் கால் கலைந்ததும் ஐந்து நிமிடம் கொடுங்கள்' என்று கேட்பதுதான் சரி. நேரம் குறிப்பிட்டு, சிறியதாகக் கேட்டால் கிடைக்கும். 'என் மதத்துக்கு வசதி செய்து தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் உஸ்தாதுக்கே என்ன செய்வதென்று தெரியாது.

உளூவுக்கு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் சுத்தம் செய்வது) பூட்ஸ் பெரிய தடை. கட்டி அவிழ்ப்பதிலேயே கிடைத்த நேரம் போய்விடும். உளூவோடு அணிந்து, கணுக்காலை மூடியிருக்கும் காலணியின் மேல் கால் கழுவுவதற்குப் பதிலாக ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம் (மஸ்ஹ்); ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று நாள். நடுவில் கழற்றினால் சலுகை போய்விடும், பூட்ஸோடு தொழுவதென்றால் அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். இரண்டு வேளைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) பயணிக்கு உண்டு, ஹனஃபியில் அப்படி இல்லை. ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) வெளியே விடாத வாரங்களும் வரும். தன் மத்ஹபில் இவற்றுக்கெல்லாம் என்ன சட்டம் என்பதை ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) இப்போதே கேட்டுத் தெளிந்துகொண்டு போகட்டும். இதைச் செய்யாத பையன்கள்தான் அங்கே போய் மனம் குமைகிறார்கள்.

நோன்புக்கான ஏற்பாட்டைச் செய்யப் பிறை பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் உண்ணும் உணவு) லங்கரில், அதாவது படை சமையற்கூடத்தில், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பொதிச்சுமையோடு ஓடும் நாளில் தண்ணீரில்லாமல் மயங்கி விழுந்தால் மருத்துவமனை நாட்கள் சேர்ந்து, பயிற்சியில் பின்தங்கி, அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளப்படலாம். நோயாளியும் பயணியும் பிறகு நோற்றுக்கொள்ள குர்ஆனே (2:184-185) அனுமதிக்கிறது. அந்த நாட்களைக் களாவாக (பிறகு ஈடுசெய்யும் நோன்பாக) வைத்துக்கொள்வதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஹலால் பற்றி உறுதியாகத் தெரியாவிட்டால் லங்கரில் சைவம் என்று பதிந்துகொள்ளலாம். இறைச்சி உண்ணாதவருக்கு ராஷனில் மாற்று உண்டு.

மந்திர் பரேடு என்பது பெயரில்தான் கோயில், நிர்வாகத்தைப் பொறுத்தவரை பரேடு. அதாவது ஆஜர் எடுக்கப்படும் கடமை. பல இடங்களில் எல்லா மதத்துக்கும் பொதுவான வழிபாட்டிடமான சர்வ தர்ம ஸ்தல் இருக்கிறது. மௌல்வி, பாதிரியார், பண்டிட், கிரந்தி (சீக்கிய மத ஆசிரியர்) என மத ஆசிரியர்களை ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) பதவியில் ராணுவமே நியமித்து, புனேயிலுள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சி தருகிறது. ஆனால் அந்த மதத்தவர் போதிய எண்ணிக்கையில் இல்லாத பிரிவில் மௌல்வி இருக்க மாட்டார்.

3-வது குதிரைப்படைப் பிரிவின் கிறிஸ்தவ அதிகாரி ஒருவரின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வீரர்களோடு கோயில், குருத்வாரா வரை போனார். பூஜை நேரத்தில் கருவறைக்குள் நுழைய மட்டும் மறுத்தார். 2021-ல் பதவி போயிற்று. 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ராணுவத்தின் பக்கமே நின்றன. வீரர்களை முன்னின்று நடத்தும் அதிகாரி என்பதே அங்கே பெரிதாக எடைபோடப்பட்டது. வழிபடாமல் உடன் நின்றவரின் மனசாட்சிக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் இன்று சட்டம் நிற்கும் இடம் அதுதான். அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

எனவே உங்கள் தம்பி பரேடைத் தவிர்க்கக் கூடாது. வரிசையில் போய் மரியாதையாக நிற்கட்டும். ஆரத்தி, திலகம், பிரசாதத்தில் சங்கடம் இருந்தால் முந்தைய நாளே உஸ்தாதிடம் சொல்லட்டும். அங்கே தீராவிட்டால் கம்பெனி கமாண்டரிடம் இண்டர்வியூ (நேரில் பேச நேரம்) கேட்கலாம். எல்லோர் முன்னிலையிலும் மறுப்பதுதான் ஆபத்து. அந்த நொடியில் அது மத விஷயமாக இல்லாமல் ராணுவச் சட்டம் 41-வது பிரிவின் கீழ்ப்படியாமையாக மாறிவிடும்.

மதத்தைச் சொல்லி யாராவது இழிவுபடுத்தினால் பொறுத்துப்போக வேண்டியதில்லை. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது அதே சட்டத்தின் 64-வது பிரிவில் குற்றம். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கட்டும். 26-வது பிரிவின்படி புகாரைத் தன் பெயரில், தனியாக, மேலதிகாரிக்குத் தர வேண்டும். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கூட்டு மனு என்று அதுவே வினையாகும். குடும்பத்தார் பத்திரிகைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ கொண்டுபோவதும் அவனைத்தான் பாதிக்கும். இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம், சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. புகார் கொடுத்து 6 மாதம் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம், ஆனால் தாமதிக்க வேண்டாம்.