ஜப்பானில் நகோயாவிலிருந்து தகயாமா என்கிற மலையூருக்கு ஒரே நாளில் போய் வரலாமா? சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே என்ன செய்வது?

வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறோம், அம்மா சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் "பழைய தெரு ஒன்றுதான், ரெண்டு மணி நேரம் போதும், புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

நான் நகோயாவில் வேலை பார்க்கிறேன். ஹிடா எக்ஸ்பிரஸ் ரயிலில் இங்கிருந்து தகயாமாவுக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். ஆற்றை ஒட்டியே மலைக்குள் ஏறும் பாதை, ஜன்னல் ஓரம் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் போக வர ஐந்து மணி நேரம் ரயிலிலேயே போய்விட்டால் ஊரில் எவ்வளவு நேரம் மிஞ்சும்? சன்மாச்சி என்கிற பழைய வணிகர் தெருவில் மதியம் முழுக்கக் கூட்டம், ஐந்து மணிக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவில் நின்று ஜன்னல்களின் மர அழிகளையும் கூரைகளையும் நிதானமாகப் பார்க்க முடியும். காலையில் மியாகாவா ஆற்றங்கரையில் சந்தை. குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் ஏழு மணிக்கே தொடங்கிவிடும், மதியத்தோடு சரி. மாலையும் காலையும்தான் அந்த ஊர். ஒரே நாளில் போகிறவர்களுக்கு ரெண்டுமே கிடைக்காது.

என் அப்பா நாகர்கோவில் பக்கத்து ஆசாரி. முழங்கால் வலி, தோக்கியோவில் எதைக் காட்டினாலும் "நல்லாயிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். தகயாமாவில் 1879-இல் கட்டிய குசகபே என்கிற வணிகர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் மண் தரை, மேலே மச்சு இல்லாமல் கூரை வரைக்கும் திறந்தவெளி, உத்திரமும் குறுக்குச் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு போகின்றன, எல்லாம் புகை ஏறிக் கறுத்த மரம். அப்பா அண்ணாந்து பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். பிறகு ஒரு தூணைத் தடவி, "இதுல கழுந்தை எந்தப் பக்கம் இறக்கியிருக்கான் பாரு" என்று, மரத்துக்குள் மரம் கோக்கும் முனையைக் காட்டி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சின்ன வயதில் என்னை அழைத்துப்போனபோது பேசிய அதே குரல்.

ஹிடா என்பது இந்த மலைப்பகுதியின் பழைய பெயர். ஹிடா தச்சர்களுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இந்த மலைநாட்டிலிருந்து வரியாகப் பொருள் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஐம்பது வீடு கொண்ட ஊருக்குப் பத்துப் பேர் என்று தச்சர்களை வரவழைத்தார்கள். அப்போதைய தலைநகர் நாராவின் கோயில்களிலும் அரண்மனைகளிலும் அவர்கள் கைவேலை இருந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். "வேலையையே வரியா எடுத்துக்கிட்டானா" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்து தகயாமா ஜின்யா. 1692-இல் ஷோகன் என்கிற படைத்தலைவரின் ஆட்சி இந்தப் பகுதியை நேரடியாக எடுத்துக்கொண்டதே இங்கிருந்த மரத்துக்காகவும் சுரங்கத்துக்காகவும்தான், அதன் பிறகு இதை ஆண்ட அரசு அலுவலகம் இது. ஆணித்தலையை மறைக்க முயல் வடிவத்தில் உலோகத் தகடு வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். மறுநாள் ஹிடா நோ சாதோ. பழைய கிராம வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், செங்குத்தான புல் கூரைச் சட்டங்களை ஆணி இல்லாமல் கயிற்றாலேயே கட்டியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்ற வேண்டும், மரத்தரை ஜில்லென்று இருக்கும், பெரியவர்களுக்குத் தடித்த காலுறை எடுத்துப்போங்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் கடன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஒரே மழைக்குக் கதவுகள் ஊதி நிலையில் உட்காரவில்லை, குளியலறைக் கதவு அடியில் உரிந்து தூளாகக் கொட்டியது. கட்டிக்கொடுத்தவர்களிடம் கேட்டால் "எல்லாருக்கும் இதே மெட்டீரியல்தான் சார்" என்கிறார்கள். இவ்வளவு வாங்கிக்கொண்டு ஒரு கதவை ஒழுங்காகச் செய்து மாட்ட மனசு வரவில்லை. அப்பா மாதிரி ஆட்களைக் கூப்பிடவும் ஆளில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, சாப்பாடு. ஹிடா மாட்டிறைச்சிதான் ஊரின் பெருமை. கிஃபு மாநிலத்தில் குறைந்தது 14 மாதம் வளர்த்த கறுப்பு மாடாக இருக்க வேண்டும், தரம் பார்த்துத்தான் அந்தப் பெயரே கொடுக்கிறார்கள். தெருவிலேயே அப்பளம் மாதிரி ஒன்றின் மேல் சுஷியாக வைத்துத் தருவார்கள். நான் சாப்பிட்டேன், அருமையாக இருந்தது. அதற்காகக் கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், சாப்பிடாதவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, என் அப்பாவும் தொடவில்லை.

என் அம்மா சுத்த சைவம். அவருக்கு மிகவும் பிடித்தது மிதராஷி தாங்கோ. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்துச் சுட்டு சோயா தடவித் தருவது. மற்ற ஊர்களில் இனிப்புப் பாகு ஊற்றுவார்கள், தகயாமாவில் உப்புக் கரிப்புதான், சுடச்சுட வாங்க வேண்டும். அப்புறம் வால்நட் அரைத்துத் தடவிச் சுட்ட சோற்றுக்கட்டி, கோஹெய்மோச்சி என்பார்கள். காய்ந்த மக்னோலியா இலையில் மிசோ என்கிற சோயா விழுதும் வெங்காயத்தாளும் காளானும் வைத்துச் சின்னக் கரியடுப்பில் சுடும் ஹோபாமிசோ, அதைச் சோற்றோடு பிசைந்து அம்மா ஒரு கிண்ணம் கூடுதலாகவே சாப்பிட்டார். இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தையில் சிவப்பு முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கில் போட்ட ஊறுகாய் கிடைக்கும், சாப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.

எச்சரிக்கை ஒன்றுதான். சோபா, ராமென் என்கிற நூடுல்ஸ் வகைகள், சூப் எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும், கறி இல்லை என்றாலும் அது இருக்கும். மிசோவிலும் சில கடைகளில் கலப்பார்கள். "கட்சுவோ தாஷி" (அந்த மீன் சாறுதான்) இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் கண்டிப்பானவர் என்றால், தங்கும் விடுதிக்குச் சில நாள் முன்பே எழுதிவிடுங்கள், வந்து நின்று கேட்டால் அவர்களால் மாற்ற முடியாது. புத்தமடத்து சைவச் சாப்பாடு போடும் இடமும் ஊரில் உண்டு, அதற்கும் முன்பதிவு வேண்டும்.

ஏப்ரல் 14, 15 அல்லது அக்டோபர் 9, 10 என்றால் தேர்த்திருவிழா. மழை பெய்தால் தேர்களை வெளியே எடுக்கமாட்டார்கள், அறை கிடைப்பதும் கஷ்டம், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பெரியவர்களோடு போவதால் நான் அந்த நாட்களைத் தவிர்க்கத்தான் சொல்வேன். தேர்களை யதாய் காய்கான் என்கிற காட்சிக்கூடத்தில் வருடம் முழுக்க, சிலவற்றை மாற்றி மாற்றி நிறுத்தியிருப்பார்கள், அங்கே பார்க்கலாம்.