கப்பலை யார் இறக்குவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

வணக்கம். விண்கப்பல் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். எனக்கு ஊர் தொண்டி. கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் நானும் மச்சானும் 'எலைட் டேஞ்சரஸ்' ஆடுவோம். இந்தத் தடவை ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

மச்சான் எந்தக் கப்பல் வாங்கினாலும் முதல் வேலையாக டாக்கிங் கம்ப்யூட்டர் மாட்டிவிடுகிறான். விண்வெளி நிலையத்தை நெருங்கியதும் இறங்க அனுமதி கேட்பான், வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவான், எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவான். அதற்குள் கப்பல் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். நான் கையால்தான் இறக்குவேன். அதற்காக எத்தனையோ கப்பலை உடைத்திருக்கிறேன்.

இந்த வசதி எல்லா விண்கப்பல் விளையாட்டிலும், எல்லாக் கப்பலிலும், முதல் நாளிலிருந்தே இலவசமாக இருக்க வேண்டும் என்கிறான் அவன். அப்படிக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஆடுவதற்கு என்ன மிச்சம் என்பது என் கேள்வி. என் அப்பா விசைப்படகு டிரைவர். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர் பிடித்து, ராத்திரியில் நட்சத்திரம் பார்த்து ஓட்டியவர். "கருவி வந்துச்சு, கண்ணு போச்சு" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம் இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களைத் தானியங்கியாகவே இணைத்ததே என்று மச்சான் மடக்குகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. லேப்டாப் கீபோர்டில்தான் ஆடுகிறேன். ஜாய்ஸ்டிக் வாங்கலாமா?

அன்புடன்,
ஆர்., தொண்டி

*

அன்புள்ள ஆர்.,

நான் உங்கள் மச்சான் பக்கம். ஆனால் டீ குடிக்க நேரம் கிடைக்கிறது என்பதற்காக அல்ல.

"கையால் இறக்குகிறேன்" என்கிறீர்கள். அந்த நேரத்தில் திரையில் என்னவெல்லாம் நடக்கிறது? நிலையம் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் வாயை ஆட்டக்காரர்கள் தபால்பெட்டி என்பார்கள். அகலம் உண்டு, உயரம் கிடையாது. பச்சை விளக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி பிடித்து, நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நுழைகிறீர்கள். உள்ளே போனதும் உங்களுக்கு ஒதுக்கிய எண்ணுள்ள மேடையைத் தேடுகிறீர்கள். மேடைக்கு மேலே வந்ததும், எவ்வளவு தள்ளியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு படம் காட்டிக்கொடுக்கிறது. சரி. நிலையம் சுழல்கிறதே, அதன் உள்ளே நீங்கள் மட்டும் எப்படி ஆடாமல் நிற்கிறீர்கள்? அந்தச் சுழற்சிக்கு ஏற்றபடி கப்பலைத் திருப்பிக்கொண்டே இருப்பது ரொட்டேஷனல் கரெக்‌ஷன் என்ற தானியங்கி ஏற்பாடு. கட்டுப்பாட்டுப் பட்டியலில் போய் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை உள்ளே வாருங்கள். சுவர் உங்களைத் தேடி வரும்.

அதற்கும் அடியில், கப்பலைத் தானாக நிலைப்படுத்திக்கொண்டே இருக்கும் ஃபிளைட் அசிஸ்ட் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் கப்பலின் மூக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்பல் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். உருள ஆரம்பித்தால், எதிர்ப்பக்கம் அழுத்தி நிறுத்துகிற வரை உருளும். வெற்றிடத்தில் அதுதான் இயல்பு. அதை அணைத்துவிட்டே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. நீங்களும் நானும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாம் கையால் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பதில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் ஓட்டுவது. உங்களுக்கும் மச்சானுக்கும் நடுவே உள்ள தகராறு தானியங்கி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அது எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதுதான்.

நிஜத்திலும் அப்படித்தான். 1969 ஜூலை 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கடைசி நேரத்தில் பாறைகளைப் பார்த்துவிட்டுத் தானே கப்பலை ஓட்டி இறக்கினார் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அப்போதும் எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தது கம்ப்யூட்டர். அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். ஒருமுறை தட்டினால் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு அடி கூடும், எதிர்ப்பக்கம் தட்டினால் ஒரு அடி குறையும். எவ்வளவு வேகமாக இறங்குவது, எந்த இடத்தில் இறங்குவது என்பதை அவர் சொன்னார். செய்து கொடுத்தது யந்திரம். முழுத் தானியங்கியாகவே தரையிறங்க அந்தக் கப்பலால் முடியும். ஆனாலும் நிலாவில் இறங்கிய ஆறு அப்போலோ பயணங்களிலும் தளபதிகள் கடைசியில் இந்த அரைக்கை முறைக்குத்தான் மாறினார்கள். விளையாட்டில் எனக்கு வேண்டியதும் இந்த சுவிட்ச்தான். முழுசாக யந்திரம், முழுசாகக் கை என்ற இரண்டு மட்டும் இருந்தால் போதாது.

இப்போது மச்சானின் 'இலவசம்' விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் விளையாட்டுகள் தலைகீழாக நடந்துகொள்கின்றன. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் செய்த முதல் 'எலைட்'டில் கையில் 100 கிரெடிட்டோடு தொடங்குவீர்கள். டாக்கிங் கம்ப்யூட்டரின் விலை 1500. அந்தப் பணத்தைச் சேர்க்க ஊர் ஊராக வியாபாரம் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் கையால் இறங்க வேண்டும். கோணம் தப்பினால் செத்தீர்கள். அதாவது, இறங்கத் தெரிந்துகொண்ட பிறகுதான் இறக்கிவிடும் கருவியை வாங்க முடியும். இன்றைய 'எலைட் டேஞ்சரஸ்'ஸில் கருவியின் விலை பெரிய விஷயமில்லை. அது கப்பலுக்குள் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் விஷயம். அந்த இடத்தில் 2 டன் சரக்கு ஏற்றலாம். 700 டன்னுக்கு மேல் ஏற்றுகிற டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பல் வைத்திருப்பவருக்கு 2 டன் ஒரு பொருட்டா? சைடுவிண்டர் என்ற சின்ன ஆரம்பக் கப்பலில் நேற்றுச் சேர்ந்தவருக்கு அது லாபத்தில் பெரிய துண்டு. உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம்தான் வாடகையும் அதிகம் பிடுங்குகிறார்கள். இதற்கு 'சமநிலை' என்று பெயர் வேறு! இது திருந்தினாலே மச்சானின் பாதிக் கோரிக்கை நிறைவேறிவிடும்.

கை நடுங்குகிறவர்களும், இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வேலை வாங்க முடியாதவர்களும் இதே விளையாட்டை ஆடுகிறார்கள். அவர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் 2018இல் தனியாக ஒரு கன்ட்ரோலரே கொண்டுவந்தது. கருவி செய்கிறவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கும்போது, விளையாட்டு செய்கிறவர்கள் ஒரு மெனுவில் ஒரு வரி சேர்க்க யோசிப்பது எனக்குப் புரிவதில்லை.

இனி உங்கள் அப்பா. அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். மண்டபம் ஊரில் நான் பார்த்துப் பழகிய டிரைவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படகில் இருக்கும் ஜிபிஎஸ் சுக்கானைத் தொடுவதில்லை. நீ இங்கே இருக்கிறாய், எல்லைக்கோடு அங்கே இருக்கிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். எக்கோ சவுண்டரும் அடியில் எவ்வளவு ஆழம் என்று காட்டுவதோடு சரி. திருப்புவது டிரைவர். பாக் நீரிணையில் ராத்திரியில், நீரோட்டம் படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருக்கும்போது, அந்தத் திரையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். திட்டுவார். எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று தொண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண் போய்விட்டது என்று அவர் வருத்தப்படுவது காட்டும் கருவியைப் பற்றி. நீங்களும் மச்சானும் அடித்துக்கொள்வது ஓட்டும் கருவியைப் பற்றி. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

காட்டும் கருவி இல்லாமல் கையால் ஓட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் நடந்த விபத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1997 ஜூன் 25. சுமார் 7 டன் எடையுள்ள ப்ரோக்ரஸ் சரக்குக் கப்பலை, வழக்கமான தானியங்கி முறையை விட்டுவிட்டு, நிலையத்துக்குள் உட்கார்ந்தபடி தொலைவிலிருந்து கையால் இணைக்க ஒரு சோதனை. தானியங்கியின் ரேடாரை அணைத்துவிட்டார்கள். தளபதிக்கு இருந்தது ஒரு டிவி திரை. கப்பலின் கேமரா வழியாக நிலையம் அதில் தெரியும். பின்னணியில் பூமியின் மேகங்கள், அதில் நிலையத்தைப் பிரித்துப் பார்ப்பதே பாடு. தூரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று நம்பும்படி சொல்ல எதுவும் இல்லை. கப்பல் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்து மோதியது. ஸ்பெக்டர் என்ற பகுதியில் ஓட்டை விழுந்து காற்று கசிய, உள்ளே ஓடிய கேபிள்களை வெட்டிப் போட்டு அந்தக் கதவை அடைத்துத்தான் உயிர் தப்பினார்கள். இதைப் படித்துவிட்டு "மனிதன் தப்புச் செய்வான், யந்திரம் செய்யாது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கையில் ஒப்படைத்தார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. தூரம், வேகம், எந்தப் பக்கம் நழுவுகிறோம் – இந்த மூன்றையும் எல்லாக் கப்பலும் முதல் நாளிலிருந்து காட்ட வேண்டும். இதற்குக் காசு கேட்கும் விளையாட்டை நான் தொடமாட்டேன்.

இஸ்ரோ விஷயத்தில் மச்சான் சொல்வது சரி. 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் 2025 ஜனவரி 16 அன்று தானியங்கியாக இணைந்தன. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. ஆனால் அது எப்படி நடந்தது என்றும் பார்க்க வேண்டும். நெருங்கும் வழியில் அங்கங்கே நின்று சரிபார்த்துக்கொள்ளும் இடங்கள் இருந்தன. நடுவே எதிர்பார்த்ததைவிட அதிகம் நழுவுகிறது என்று தெரிந்ததும் இணைப்பைத் தள்ளிப்போட்டார்கள். பிறகு 15 மீட்டர், 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விலக்கிக் கொண்டுபோனார்கள். கடைசியில் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு நல்ல தானியங்கி இப்படித்தான் இருக்கும்: மெதுவாகப் போகும், நிற்கும், சந்தேகம் வந்தால் பின்வாங்கும், கீழே இருப்பவர்களிடம் சொல்லும். மச்சானின் கப்பல் அவர் டீ குடிக்கும்போது இதில் எதையாவது சொல்கிறதா?

தானியங்கி மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதை ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் விளையாட்டு வேறு விதத்தில் புரிந்துவைத்திருக்கிறது. அதில் ஆட்டோபைலட் எல்லோருக்கும் உண்டு, காசு கிடையாது. ஆனால் அது, ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு வாயிலுக்கும் சில கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டு, அங்கிருந்து ஊர்ந்து போகும். கையால் போகிறவர் நேராக வாயிலிலேயே இறங்கலாம். விலையுயர்ந்த சரக்கோடு ஆட்டோபைலட் போட்டுவிட்டுத் தூங்கப் போய், கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்தவர்களின் கதைகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். விலை இங்கேயும் இருக்கிறது, ஆனால் புதியவருக்கும் பழையவருக்கும் ஒரே விலை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

ராக்கெட் கட்டி ஏவும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டில் எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அங்கே சுற்றுப்பாதையைப் புரிந்துகொள்வதுதான் ஆட்டமே. முன்னால் இருப்பதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் மேலே ஏறி இன்னும் பின்தங்கிப் போவோம் என்பது முதல் தடவை நம் கையால் நடக்கும்போது தலை சுற்றும். அதை ரசிகர்கள் எழுதிச் சேர்த்த மெக்ஜெப் என்ற தானியங்கி முதல் நாளே செய்து கொடுத்துவிட்டால், ராக்கெட் போவதை வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடியும். அந்த விளையாட்டின் சொந்த ஏற்பாடு அழகானது: ஆட்டத்தின் தொழில் முறையில் உங்கள் விமானி அனுபவம் பெறப் பெற, கப்பலை ஒரே திசையில் பிடித்துக்கொள்ளும் உதவிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆனால் இருபதாவது எரிபொருள் டாங்கரைக் கையால் இணைக்கச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். அந்த இடத்தில் மெக்ஜெப் போடுவதை யாராவது ஏமாற்று என்றால், அவர் அத்தனை டாங்கர் இணைத்ததில்லை என்று அர்த்தம்.

ஆக எல்லா விளையாட்டுக்கும் ஒரே அளவு கிடையாது. எலைட்டில் இறங்குவது வியாபாரத்துக்கு நடுவே வரும் ஒரு வேலை, வேண்டாதவர் விட்டுவிடட்டும். உங்களுக்கு அது இன்பம், அதை யாரும் பிடுங்கவில்லை. மச்சான் டாக்கிங் கம்ப்யூட்டர் போடுவதால் உங்கள் கப்பல் ஒன்றும் சுலபமாக இறங்கிவிடப் போவதில்லையே.

ஜாய்ஸ்டிக் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் நம் ஊர்க் காற்றை மனதில் வைத்து வாங்குங்கள். மலிவு ஜாய்ஸ்டிக்குகளில் குச்சியின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். உள்ளே ஒரு முள் ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டே போகும். கடலோர வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், உப்பு ஈரம் இறங்கி அந்த உலோகத்தில் களிம்பு ஏறிவிடும். அப்புறம் குச்சியைத் தொடாமலேயே கப்பல் இடப்பக்கம் சாயும். தபால்பெட்டி வாயில் வைத்துச் சாய்ந்தால் தெரியும் சேதி. என்னுடையதைக் கழற்றியபோது திருகுகளே துருப்பிடித்து வர மறுத்தன. ஹால் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் காந்தம்தான் வேலை செய்யும், உரசல் இல்லை. விலை கூடத்தான். அதுவரை கீபோர்டிலேயே ஆடுங்கள். பழைய குச்சி எதுவும் கிடைத்தால் டெட்ஸோனை, அதாவது குச்சி லேசாக அசைந்தாலும் கப்பல் கண்டுகொள்ளாத அளவை, கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஆடி முடித்ததும் மூடி போட்ட டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுவே போதும்.