அம்மாவின் மறதி, அம்மாவின் தங்கச்சி: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்ட ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுப் பெரியவர்களின் மறதி, மனக்கவலை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை: மிஸ், அம்மாயிக்கு 79 வயது. காலையில் சாப்பிட்டது நினைவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிட்ட வரிசையை மட்டும் அப்படியே சொல்கிறார். நடிக்கிறாரா?

நடிப்பில்லை. புதியதைப் பதிந்துகொள்ளும் மூளைப்பகுதிதான் பெரும்பாலும் முதலில் தளரும். பழையவை ஆழமாக வேர்விட்டவை. மருத்துவரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைவும் பி12 சத்துக் குறைவும் மறதியைக் கொண்டுவரும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அம்மாயி, உங்க பேத்தி வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஹப்புத்தளை: அப்பா முந்தாநாள் வரை நன்றாக இருந்தார். திடீரென்று உளறுகிறார்.

இன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, மருந்து மாற்றம் எதுவும் இப்படிச் செய்யலாம். காத்திருக்க வேண்டாம்.

மஸ்கெலியா: அம்மா ரொட்டியைத் துணியில் சுற்றித் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறார். எறும்பு மொய்க்கிறது. சத்தம் போட்டால் அழுகிறார்.

உங்கள் அம்மாவுக்கு 75 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். 1974இல் அவர் கைக்குழந்தைக்காரியாக இருந்திருப்பார். கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. என் அம்மா தன் பங்கு ரொட்டியைப் பிய்த்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சாயத்தண்ணி குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். திட்டாதீர்கள். மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். "இது உங்க டின்" என்று சொல்லுங்கள். இரவில் அவருக்குத் தெரியாமல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

கொட்டகலை: அம்மாவுக்கு 81. ஒரே தங்கச்சி 1971இல் இந்தியா போனவர். போன மாதம் கூடலூரில் இறந்துவிட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் அண்ணன். என்ன செய்வது மிஸ்?

சொல்லுங்கள்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளி ஆட்கள் 975,000 பேரைக் கணக்குப் போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். ஒரே லயத்துக் காம்பராவில் அக்காவுக்கு ஒரு நாடு, தங்கச்சிக்கு ஒரு நாடு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போன ரயிலை நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். 1984இல் இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. உங்கள் அம்மா அன்றைக்கே ஒரு தடவை தங்கச்சிக்காக அழுதவர். இந்த அழுகையும் அவருக்குச் சொந்தமானது.

பகலில் சொல்லுங்கள். டீவியை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி இறந்துட்டாங்க" என்று நேராகச் சொல்லுங்கள். "போயிட்டாங்க" என்று சொல்லாதீர்கள். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இந்தியா போனார்கள் என்றும் அர்த்தம் உண்டு.

பதுளை: 81 வயதில் எதற்கு இந்த வலி? நிம்மதியாக இருக்கட்டுமே மிஸ்.

நிம்மதியாக இருப்பார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்தியாவில், கோத்தகிரியில் என் பெரியப்பா இறந்ததைச் சொன்ன கடிதத்தை டிரங்குப் பெட்டியில் ஒளித்தவள் நான்தான். அப்பா தாங்கமாட்டார் என்று நினைத்தேன். நாலு வருடம் அவர் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அண்ணனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியோடேயே கண்ணை மூடினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானுஓயா: எங்கள் வீட்டிலும் ஒரு சாவை அப்பாவிடம் சொன்னோம். அவர் மறந்துவிட்டு மறுநாளும் கேட்டார். திரும்பச் சொன்னோம், முதல் தடவை போலவே அழுதார். உங்கள் பேச்சை எல்லோருக்கும் பொருத்த முடியாது.

நீங்கள் சொல்வது சரி, நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மறதி முற்றியவருக்கு ஒரு தடவை சொன்னால் போதும். பிறகு கேட்டால், "தங்கச்சி நினைப்பு வந்துருச்சா? சின்ன வயசுல எப்படி இருந்தாங்க?" என்று பேச விடுங்கள். ஆனால் நினைவு தெளிவாக உள்ளவரிடம் மறைக்காதீர்கள். பதுளைக்கு மறுபடியும் அதையே சொல்கிறேன்.

வட்டவளை: மறதிக்கு என்ன மருந்து?

முதல் பதிலில் இருக்கிறது. பரிசோதனை முதலில்.

நுவரெலியா: வல்லாரை கொடுக்கலாமா?

சம்பலாகச் சாப்பிடட்டும். அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம்.

லிந்துலை: பாட்டிக்கு ஞாபகம் வர, தினமும் எங்கள் பெயர்களைக் கேட்கலாமா?

வேண்டாம். மேலே சொன்னதைத் தயவுசெய்து வாசியுங்கள். பெயர் வராமல் அவர் தலைகுனிவதைப் பார்த்தால் நீங்களே கேட்கமாட்டீர்கள்.

பண்டாரவளை: அப்பாவின் சேமலாப நிதி இன்னும் வரவில்லை.

தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். எனக்கு அந்த விவரம் தெரியாது.

கொட்டகலை: மிஸ், அண்ணனும் சம்மதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறோம். கருமாதி அங்கே முடிந்துவிட்டது. இங்கே ஏதும் செய்யலாமா? சித்தியின் படம்கூட இல்லை.

செய்யுங்கள். படம் இல்லாவிட்டால் என்ன, சித்தி எழுதிய கடிதம் ஒன்றாவது இருக்கும், அதை வையுங்கள். சித்திக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டு அதையே சமையுங்கள். விளக்கை அம்மா ஏற்றட்டும். கை நடுங்கினால் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.